தம்பியின் கல்வெட்டில் அக்கன்

கேள்வி: கொரியத் தொடர்களில் வரும் இளவரசிகளைப்போல், நம் நாட்டு இளவரசி ஒருவரின் வாழ்க்கைக்குச் சான்று உண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: குந்தவைக்கு உண்டு. சுந்தர சோழரின் மகள். முதலாம் ராஜராஜனின் அக்காள். வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன், தன் கொடைக்கு அடுத்து ‘அக்கன்’ கொடுத்ததையும், அதன் பிறகே தன் தேவியர் கொடுத்ததையும் குறிப்பிடுகிறான்.

குந்தவை அக்கோயிலில் தன் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எடுப்பித்தார். அவர் அளித்த பொன், ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற எடை அளவுகள் வரை கணக்கிடப்பட்டுள்ளது. நகைகளில் கோத்த முத்துகளும் எண்ணிக்கையோடு பதிவாகியுள்ளன.

திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் சிவன், திருமால், சமணர் ஆகிய மூவகை வழிபாட்டுக்கும் அவர் கோயில் எடுப்பித்தார். தஞ்சையில் தந்தை பெயரால் அமைந்த ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனைக்கும், நிலக்கொடை அளித்தார்.

‘பொன்னியின் செல்வன்’ நாவல் காட்டும் குந்தவையின் உரையாடல்கள் கல்கியின் கற்பனை. கல்வெட்டில் எஞ்சி நிற்பவை கொடைக் கணக்குகளே.