கொல்லையை மேய்ந்தது ஆடா, காட்டு முயலா?



மழைக்குப் பின் போட்ட தட்டைப்பயறும் கீரையும் நாலு இலை விட்டிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் பாத்தி மொட்டை. "உங்க ஆடுதான் மேய்ஞ்சிருக்கு" என்று அடுத்த வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறோம். கருவேலங்காட்டை ஒட்டி வீடு உள்ளவர்களிடையே இப்படித் தொடங்கும் மனத்தாங்கல் ஜமாஅத் வரைக்கும் வந்துவிடுகிறது. அதிகமான ஊகங்களைத் தவிர்க்கும்படி அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் கட்டளையிடுகிறான். எனவே யாரையும் கேட்கும் முன் கடிபட்ட தண்டைப் பாருங்கள்.

முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் உண்டு. கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் தண்டை வெட்டிவிடும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அது பிடித்து இழுத்துப் பிய்ப்பதால் தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். ஆட்டுப் புழுக்கை நீள்வட்டமாக, வழவழப்பாக இருக்கும். முயலுடையது சற்றுத் தட்டையான உருண்டை. காய்ந்ததை நசுக்கினால் வைக்கோல் தூள்போல் உதிரும். ஈர மண்ணில் நீண்ட பின்கால் தடம் இரண்டும் முன்னால் விழுந்திருக்கும், சிறிய முன்கால் தடங்கள் அவற்றுக்குப் பின்னால் இருக்கும். வளை தேட வேண்டாம். பிடரியில் கறுப்புத் திட்டுள்ள நம் பகுதிக் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. பகலில் புல்லுக்குள் பள்ளம் செய்து படுத்திருந்து, இருட்டிய பிறகே மேய வரும்.

"முயல் ஹலால்தானே, கண்ணி வைத்தால் என்ன?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஹலால்தான். முயல் இறைச்சி அன்பளிப்பாக வந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை அனஸ் (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஒரு வேளைக் கறிக்காக வழக்கு, ஜாமீன் என்று குடும்பம் அலைய வேண்டுமா? விஷம் வைத்தால் நாயும் மயிலும் சேர்ந்து சாகும். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது எல்லாவற்றிலும் கொடியது. அப்படிப்பட்ட வேலியில் மனிதர்கள் கருகிப்போன செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன.

உருப்படியான வழி கோழி வலைக் கம்பிதான். கண் ஒரு அங்குலத்துக்கு மிகாமல், தரைக்கு மேல் மூன்றடி உயரம் இருக்கட்டும். முயல் தாண்டுவதைவிட அடியில் இடுக்குத் தேடுவதே அதிகம். அதனால் கீழே அரை அடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். கதவின் அடி இடைவெளியை மறந்துவிடாதீர்கள். பழைய மீன் வலை வேண்டாம், அதில் பாம்பும் பறவையும் சிக்கிக்கொள்ளும். முழுக் கொல்லைக்கும் கட்ட வசதியில்லாதவர்கள் கீரைப் பாத்தியை மட்டும் சுற்றிக் கட்டினால் போதும். முருங்கை, அகத்திக் கன்றுகளுக்கு இரண்டடி உயர மூங்கில் கூடையோ அடி வெட்டிய பிளாஸ்டிக் கேனோ கவிழ்க்கலாம். வேலியோரப் புதரை வெட்டினால் முயலுக்கு மறைவிடம் குறையும். பூண்டு மிளகாய்க் கரைசல் அடுத்த மழை வரைக்கும்தான். மினுமினுக்கும் தாளுக்கு முயல் சில நாளில் பழகிவிடும்.

நட்டதை விலங்கு தின்றாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்ற ஹதீஸைச் சொல்லி, வேலியே எதற்கு என்பாரும் உண்டு. தின்றுபோனதற்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் கீரை விற்று நாளை ஓட்டும் விதவைச் சகோதரியின் கொல்லைக்கு நாலு பேர் சேர்ந்து கம்பி வலை கட்டிக் கொடுப்பதும் தர்மமே.

புதரை வெட்டும் முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். முயல் குட்டி கண் திறந்து, ரோமத்துடனேயே பிறக்கும். தாய் பகலில் அருகில் இராது, இருட்டிய பிறகு பால் கொடுக்க வரும். தனியாகக் கிடக்கும் குட்டியை அனாதை என்று நினைத்து வீட்டுக்குள் தூக்கி வராமல், அந்தப் புதரைச் சில நாள் விட்டுவையுங்கள். காயம்பட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.