பாட்டி வளர்ப்பும் பேத்தி வளர்ப்பும்

பொழுது விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்றவர் நம் பாட்டி. அவர் பிள்ளையை அதட்டி வளர்த்தார் என்றால், அருகிலிருந்து அணைத்து வளர்க்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை என்பதே காரணம்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பணிபுரியும் பேத்தியோ, காரணம் கூறிப் பிள்ளையைத் திருத்த விழைகிறார். இதனை வெறும் செல்லம் எனப் பழிப்பது முறையன்று. பாட்டிக்குக் கிட்டாத அவகாசம் அவருக்குச் சற்றே கிட்டியுள்ளது.

முன்னர் 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை, வேலைச் சட்டத் திருத்தத்தின்படி 1.1.2023 முதல் 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை கிடைத்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் பணிபுரிந்த மணமானவர், பிரசவத்திற்கு 30 நாள் முன்னரே நிர்வாகத்திற்கு அறிவித்து இதனைப் பெறலாம்.

பிள்ளை வளர்ப்பு தாய் ஒருத்தியின் சுமையன்று. தந்தையரே, அந்த ஏழு நாட்களை வீணாக்காதீர்!