வெற்று அலைவரிசையை அறிவது எவ்வாறு?

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் காதங்கி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் பெரிய ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 1024 யாகி ஏரியல்களைக் கொண்டு இயங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டபோது அதன் உச்ச சக்தி 25 லட்சம் வாட். எனினும் காற்றின் சுழிப்புகளிலிருந்து திரும்பி வரும் எதிரொலி மிக மிக நுண்ணியது. அதே அதிர்வெண்ணில் அயலார் ஒருவர் அலை பரப்பினால் ஆராய்ச்சி கெடும். ஆகவே, ஓர் அலைவரிசை காலியாக உள்ளதென முடிவு செய்வது பொறுப்பு மிக்க செயலாகும்.

அம்முடிவைத் தானே செய்யும் கருவியை 'அறிதிறன் வானொலி' என்பர். இக்கருத்தை 1999-இல் அமெரிக்கரான ஜோசப் மிட்டோலா எடுத்துரைத்தார். உரிமம் பெற்றவர் உபயோகிக்காத வேளையில் மட்டும் அலைவரிசையைப் பயன்படுத்தி, அவர் வந்தவுடன் விலகுவது இதன் நெறி. இதற்கு மென்பொருள் வானொலி ஏற்றது. அலையை வடிகட்டுதல், பிரித்தறிதல் முதலிய வேலைகளை மின்சுற்றுக்குப் பதிலாக அதில் கணினி நிரலே செய்கிறது.

எளிய முறை இது: ஏரியலில் வரும் அலையைப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் வர்க்கப்படுத்திச் சராசரி காண வேண்டும். குறித்த வரம்பை அது தாண்டினால் நிலையம் உண்டு எனக் கொள்ளலாம். வரம்பைத் தாழ்த்தினால் இரைச்சலே நிலையமாகத் தோன்றும். உயர்த்தினால் மெலிந்த நிலையம் தப்பிவிடும். அளவுகளை 100 மடங்காக்கினால் சராசரியின் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவென்று திட்டமாகத் தெரியாவிடில், எத்தனை நேரம் அளந்தாலும் ஓரெல்லைக்குக் கீழ்ப்பட்ட நிலையத்தை அறிய இயலாது.

மற்றோர் இடையூறு மலையாகும். திருமலைத் தொடரின் ஒருபுறம் உள்ள நிலையம் மறுபுறத்துப் பள்ளத்திலுள்ள கருவிக்குக் கேளாமற் போகலாம். அமைதியை நம்பி அக்கருவி அலை பரப்பினால், இரண்டும் எட்டும் மேட்டுப் பகுதியில் நிலையத்தைக் கேட்போருக்கு இடையூறு நேரும். பல இடங்களில் அளந்து முடிவுகளை ஒன்றுசேர்ப்பது இதற்குப் பரிகாரம். அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் 2008-இல் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு வகுத்த விதி, ஒரு மில்லிவாட்டில் 25,000 கோடியில் ஒரு பங்கையும் கருவி உணர வேண்டும் என்றது. 2010-இல், இடவாரியான நிலையப் பதிவேட்டைப் பார்த்து இயங்கும் கருவிகளுக்கு அந்நிபந்தனை நீக்கப்பட்டது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். கணினியில் செருகும் சிறிய மென்பொருள் வானொலி ஏற்பி போதும். அது அலை பரப்பாது. ஓர் எப்.எம். நிலையத்தின் அதிர்வெண்ணிலும், நிலையமில்லாத வேறோர் அதிர்வெண்ணிலும் சராசரியை முதலில் திறந்த வெளியிலும், பின்னர் கட்டடத்தின் உள்ளறையிலும் அளக்கச் செய்க. இரு சராசரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உள்ளறையில் எவ்வளவு சுருங்குகிறதென்று மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். நிலையம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அது இல்லாததுபோல் தோன்றக்கூடும் என்பதை அவர்கள் அப்பொழுது தாமே உணர்வர்.