நல்லவரிடமும் எழுதி வாங்குக

கம்பத்தில் அட்வான்ஸ் கொடுத்து வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். "நமக்குள் எழுத்தெல்லாம் எதற்கம்மா?" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கம்பம்

சகோதரி, மனஸ்தாபமற்ற நல்ல நாளில் எழுதிக்கொள்வதே இருவருக்கும் க்ஷேமம், தயங்காமல் கேளுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் அமலிலிருக்கும் வாடகைச் சட்டம், வாடகையையும் அட்வான்ஸையும் கால வரம்பையும் ஒப்பந்தமாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு அசலை வைத்துக்கொண்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டுமென்று விதிப்பதோடு, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதையும் தடுக்கிறது. மாதந்தோறும் ரசீது பெறுவது தங்கள் பாத்தியதை. மறுத்தால் வாடகையை மணியார்டரில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கொடுத்த அட்வான்ஸ் தொகையையும், கொடுத்த தேதியையும், மின்சார மீட்டரின் அளவையும் ஒப்பந்தத்தில் அவசியம் குறித்துவிடுங்கள்.