ஃபேர்னஸை மாற்றுமுன் அந்த வெள்ளைப் பட்டியைச் சோதியுங்கள்

கேள்வி: 1950களில் கட்டிய வீடொன்றை வாங்கிக் குடியிருக்கிறோம். பழைய ஃபேர்னஸ் இந்தக் குளிரைத் தாண்டாது என்கிறார்கள். பேஸ்மென்றில் காற்றுக் குழாய்களின் பொருத்துகளில், காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல வெள்ளைப் பட்டி சுற்றியிருக்கிறது. விலை சொல்ல வந்தவர், "அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம், பயப்படாதீங்கோ, மாத்துற அண்டைக்கே உரிச்சு விடுறம், தனிக் காசில்லை" என்றார். என் கணவரோ மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தானே உரிக்கப் போவதாக நிற்கிறார். "ஊரில அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழதானே வளர்ந்தனாங்கள், என்ன நடந்தது?" என்று கேட்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?

— வாசகி, ஸ்காபரோ

பதில்: சகோதரி, இரண்டு பேரையும் தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பட்டியில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை என்பதே நல்ல செய்தி.

உங்கள் கணவர் கேட்பதை நம்மவர் பலரும் கேட்கிறார்கள். கூரைச் சீற்றில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இழைகள் சீமெந்தோடு இறுகிக் கிடக்கின்றன. அறுக்கும்போதும் உடைக்கும்போதும்தான் தூசு அதிகமாகக் கிளம்பும். குழாயில் சுற்றியது கடதாசி போன்றது. அறுபது எழுபது வருடச் சூட்டில் காய்ந்து, விரல் பட்டாலே உதிரக்கூடியது. மூச்சோடு உள்ளே போகும் இழை கண்ணுக்குத் தெரியாது, இருமலாக வந்து எச்சரிப்பதும் இல்லை. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடிய சவ்வில் வரும் மீசோதீலியோமாவும் பெரும்பாலும் 20 முதல் 40 வருடம் கழித்தே வெளிப்படும். ஆகவே "என்ன நடந்தது" என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிட முடியாது. அவர் புகைபிடிப்பவரென்றால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பல மடங்காகும்.

ஃபேர்னஸ் வேலையில் நான் அதிகம் அஞ்சுவது ஒன்றுக்குத்தான். பழைய பெட்டியைக் கழற்ற, அதன் மேலுள்ள தகரக் குழாயை வெட்டுவார்கள். குழாய் முழுவதும் அதிரும், பட்டி கிழியும், தூள் உள்ளேயும் விழும். பின்னேரம் புதிய ஃபேர்னஸின் விசிறியைப் போட்டுப் பார்ப்பார்கள். பேஸ்மென்றில் கிளம்பிய தூசு அந்த நிமிடமே பிள்ளைகள் படுக்கும் அறைவரை போய்விடும். குளியலறை ஓடுகளை உடைத்தால் ஒரு கதவை மூடித் தடுத்துவிடலாம்; இங்கே எல்லா அறைக்கும் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

பார்வையால் எதையும் சொல்ல முடியாது. சிறு துண்டை ஆய்வுகூடத்தில் நுண்காட்டியின் கீழ் பார்க்க வேண்டும். புதிய ஃபேர்னஸின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு சிறியது. துண்டையும் நீங்கள் எடுக்காமல் சோதிப்பவரையே எடுக்க விடுங்கள், அந்த நேரம் ஃபேர்னஸ் நிறுத்தியிருக்கட்டும். பட்டியோடு நிற்காமல், நிலத்தில் காற்று வரும் வாய்களின் கழுத்தையும், ஃபேர்னஸுக்கும் குழாய்க்கும் இடையே அதிர்வு தாங்கும் துணியையும், புகைக்குழாய் சிம்னிக்குள் நுழையுமிடத்துச் சாம்பல்நிறப் பூச்சையும் காட்டுங்கள். அந்தத் துணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று நேரே அதை உரசித்தான் போகிறது.

ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதிப்படி எடையில் 0.5 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது கல்நார் உள்ள பொருள். அதில் செய்யும் வேலையை ஆபத்துக்கேற்ப மூன்று வகையாகப் பிரித்து, பயிற்சி, உடை, அறையை அடைக்கும் முறை எல்லாவற்றையும் விதி சொல்கிறது. "தனிக் காசில்லை" என்றவரின் விலைக்குள் இவை எப்படி அடங்கும்? அவருடைய வேலையாளும் யாரோ வீட்டுப் பிள்ளைதான். சோதனையில் கல்நார் இருப்பது தெரிந்தால், அதை அகற்றுபவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்கள் வேலையை முடித்து, வேறொருவர் காற்றைச் சோதித்து எழுத்தில் தந்தபிறகு ஃபேர்னஸ்காரர் வரட்டும். வெட்டுமிடத்துக்குத் தூரத்தில், உதிராமல் இருக்கிற பட்டியை அப்படியே விடலாமா, மூடிப் பூசலாமா என்று அகற்றுபவர்களிடமே கேளுங்கள். கலையாத கல்நாரோடு சேர்ந்து வாழ்வதில் பெரிய அவசரம் எதுவுமில்லை.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: சாதாரணத் தூசு மாஸ்க் இந்த வேலைக்குப் போதாது. வீட்டு வாக்குவம் கிளீனர் நுண்ணிய இழைகளைப் பிடிக்காமல் பின்பக்கத்தால் திரும்ப ஊதிவிடும். உடுப்பில் ஒட்டியது சலவை இயந்திரம்வரை போகும்.

எரிவாயுத் தொழில்நுட்பர் ஃபேர்னஸ் ஆபத்தானது என்று அதில் சிவப்பு அட்டை மாட்டிவிட்டால் மட்டும் வரிசை மாறும். கார்பன் மொனொக்சைட் ஒரே இரவில் உயிரை எடுத்துவிடும், ஆகவே ஃபேர்னஸை உடனே நிறுத்திவிடுங்கள். மின்சூடாக்கிகளோடு சில நாள் சமாளித்துக்கொண்டு, சோதனையை அவசரமாகச் செய்விக்கலாம். குளிர் இறங்குமுன் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு அந்த நெருக்கடி வராது.

இன்னொன்று: மேற்கூரைக்குள் மினுங்கும் கூழாங்கல் போன்ற துகள்கள் கொட்டியிருந்தால் அங்கே ஏறாதீர்கள், எவரையும் ஏற்றாதீர்கள். அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்ததில் கல்நார் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. கனடா கல்நாரைத் தடைசெய்தது 2018 டிசம்பரில்தான். அதற்கு முந்திய பல பத்தாண்டுகளாகக் கியூபெக் மண்ணிலிருந்து தோண்டியது இங்குள்ள வீடுகளுக்குள்ளும் போனது, இந்தியாவுக்கும் கப்பலேறியது.

பேஸ்மென்றில் யாரும் வாடகைக்கு இருந்தால், சோதனை முடிவை அவர்களிடமும் காட்டுங்கள். அகற்றும் நாட்களில் அவர்கள் தங்க வேறு இடமும் வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.