வலி அடங்கிய பிறகுதான் வைத்தியம்

பொன்னேரி

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கால் கட்டைவிரல் வீங்கிப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நடுராத்திரியில் திடீரென்று ஆரம்பித்தது, போர்வை நுனி பட்டாலும் அலறுகிறாய், போன வருஷமும் இதே விரலில் வந்து போனது என்றெல்லாம் சொன்னாள். ஏரியில் வலை போட ஊரார் மாறி மாறிக் கொடுக்கிற பாடு முறை உன் பேருக்கு வந்திருக்கிற சமயத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை. அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் காலம் கழித்தவன் நான். கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோட்டைக்குப்பம் என்று நம் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து இதே வலியோடு நொண்டிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலியோடு இருக்கும்போது போனில் சொன்னால் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இது யூரிக் ஆசிட் வலியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஏரியில் இறங்குகிறவன் காலில் வீக்கம் என்றால் அதை மட்டும் நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. கெளுத்தி முள் குத்தியிருக்கலாம், திருக்கை வால் அடித்திருக்கலாம், சிப்பி கிழித்த காயத்தில் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விரலை விட்டுக் கணுக்காலைத் தாண்டி ஏறுகிற சிவப்பு, இதில் ஏதாவது இருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாளிலேயே மூட்டு அரித்துப்போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

இவை எதுவும் இல்லை என்றால் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படு. எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது, சுடுமணல் ஒத்தடம், நீவி விடுவது எதுவும் வேண்டாம். கொதித்துக் கிடக்கிற மூட்டை மேலும் சூடேற்றினால் வலி கூடும். நம் ஊரில் பஞ்சமே இல்லாத பொருள் ஐஸ். மீன் பெட்டிக்கு உடைக்கிற ஐஸில் கொஞ்சம் எடுத்துத் துணியில் சுற்றி, கால் மணி நேரம், இருபது நிமிஷம் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வை. வெறும் ஐஸைத் தோல் மேல் வைக்காதே. தண்ணீர் நிறையக் குடி.

மாத்திரை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாயோ அவ்வளவுக்கு வலி சீக்கிரம் அடங்கும். டாக்டர் கால்சிசின் எழுதினால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்று சொல்வார்களே, அதிலும் இந்தச் சத்து இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கமும் வேதாரண்யத்திலும் அதன் விதைக்காகவே பயிரிட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் கிழங்கை நாமே அரைத்துக் குடித்தால் சாவுதான். மாத்திரையும் அப்படித்தான், அளவு தாண்டக் கூடாது. வயிற்றுப்போக்கு வருகிற வரைக்கும் மணிக்கு ஒன்றாகப் போடு என்று அந்தக் காலத்தில் கொடுத்தார்கள். குறைந்த அளவே அதே பலனைத் தருகிறது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. உனக்குக் கிட்னியில் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல். கால்சிசினோடு சேரவே கூடாத மருந்துகள் உண்டு.

போன வருஷம் ஒரு ஊசி போட்டதும் மறுநாளே கடலுக்குப் போனதாக அம்மா சொன்னாள். அது என்ன ஊசி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கவலையாக இருப்பது அதுதான். அது ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. சரியான ஆளுக்குச் சில நாள் மட்டும் டாக்டர் கொடுப்பதுண்டு. பேர் தெரியாத ஊசியையும் கடையில் வாங்குகிற வலி மாத்திரையையும் ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டே போனால் கிட்னி கெடும், வயிற்றில் புண் வரும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். கிட்னி கெட்டால் யூரிக் ஆசிட் வெளியே போகிற வழியும் அடைபடும். வலிக்குப் போட்ட மருந்தே அடுத்த வலிக்கு வழி செய்துவிடும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நம் பக்கத்து உப்பளத்தில் பாத்தி நீர் வற்ற வற்ற ஒரு கட்டத்தில் உப்பு பூக்கும் அல்லவா, அதே போலத்தான் ரத்தத்தில் யூரிக் ஆசிட் 100 மில்லிக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைய இடமில்லாமல் மூட்டில் ஊசி ஊசியாகப் படியும். உடம்பிலேயே சூடு குறைந்த இடம் கால் விரல், அதனால்தான் பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. நம் ஊரில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையில் இருந்த காலத்தில், அவர்கள் நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் லேவன்ஹூக் என்பவர் 1679-ல் இப்படிப்பட்ட நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த வெள்ளைப் பொருளைத் தன் நுண்ணோக்கியில் வைத்து, அது ஊசிகளாக இருப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்த ஊசிகள் என்ன பொருள் என்று தெரிய இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. வலி அடங்கினாலும் அவை அங்கேயேதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் கணுக்கால், முழங்கால், கை விரல் என்று இடம் மாறும். காதோரத்திலும் முழங்கையிலும் கட்டி கட்டியாகத் திரளும். சிறுநீரகத்தில் கல்லாகவும் வரும்.

இனி சாப்பாடு. தின்ற இறாலும் குடித்த சாராயமும்தான் உன்னைப் படுக்க வைத்தது என்று தெருவில் பேசுகிறார்களாம். நீ தலை குனியத் தேவையில்லை. யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பு தானே உண்டாக்குவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதிதான். இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைப் போதுமான அளவு வெளியே தள்ளுவதில்லை, அது குடும்ப வழியாகவும் வரும். ஆகவே மீனை அடியோடு விடு என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதே. மீன் பிடித்து மீன் தின்று வாழ்கிறவனிடம் அதைச் சொல்வது சுலபம், அவன் தட்டில் அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று சொல்பவர்கள் குறைவு.

எதைக் குறைப்பது என்று தெரிந்து குறை. நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, இறால், நண்டு, சிப்பி, மீன் சினை, இவற்றில் யூரிக் ஆசிட்டாக மாறும் சத்து அதிகம். நெத்திலிக் கருவாட்டில் தண்ணீர் வற்றிப்போவதால் அது இன்னும் செறிவாக இருக்கும், உப்பு வேறு பிரஷரை ஏற்றும். ஆட்டு ஈரலும் குடலும் வேண்டாம். மடவையோ கொடுவாயோ ஒரு வேளைக்கு ஒரு துண்டு போதும், அதுவும் தினமும் வேண்டாம். கொதிக்கும்போது இந்தச் சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் துண்டைச் சாப்பிட்டாலும் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்காதே. சளிக்கு நல்லது என்று அம்மா வைத்துக் கொடுக்கிற நண்டு ரசம் உனக்கு ஆகாது. அவள் மனசு கோணாமல் சொல்லிவிடு.

பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஒரு பட்டியல் ஊருக்கு ஊர் சுற்றுகிறது. அதை நம்பாதே. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டு கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் இந்த நோய் கூடுதலாக வந்தது. பருப்பு, கீரை வகையால் கூடவில்லை. பால், தயிர் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. மோர் கடைந்து பாட்டிலில் ஊற்றிப் படகுக்கு எடுத்துப் போ. வெயிலில் வலை போட்டுவிட்டுக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் காய்வதும் இந்த வலியைக் கூப்பிடுகிற விஷயம்தான். கலர், கோலா மாதிரி சர்க்கரை பானங்களும் யூரிக் ஆசிட்டை ஏற்றும்.

குடியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பீர்தான் எல்லாவற்றிலும் மோசம், பிராந்தி, ரம் அடுத்தது. வலி இருக்கும்போது ஒரு சொட்டும் கூடாது. மற்ற நாளில் விட்டுவிட்டால் உனக்கும் வீட்டுக்கும் நல்லது. உடம்பு வலி தீரத்தான் குடிக்கிறேன் என்று சொல்கிற உன் கூட்டாளிகளுக்கும் இதைப் படித்துக் காட்டு.

சாப்பாட்டை எவ்வளவு கட்டினாலும் ரத்தத்தில் குறைவது ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். உனக்கு 9 இருந்தால் அது போதாது. வலி அடங்கின பிறகுதான் உண்மையான வைத்தியம் தொடங்குகிறது என்று நான் சொல்வது அதனால்தான். தாக்குதல் நடக்கும்போது ரத்தம் எடுத்தால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும், அதனால் அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கூடவே கிரியாட்டினின், சர்க்கரை, பிரஷர். வருஷத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ வந்தாலோ, கட்டி இருந்தாலோ, கிட்னி பாதித்திருந்தாலோ யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை தொடங்குவார்கள். உனக்கு இது இரண்டாவது தடவை, தொடங்கலாமா என்று நீயே கேள்.

அல்லோபியூரினால் பழைய மாத்திரை, விலையும் குறைவு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். 6-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் குறி. இங்கேதான் நம் ஆட்கள் தவறிப்போகிறார்கள். முதல் சில மாதத்தில் பழைய படிவு கரையும்போது வலி திரும்ப வரலாம். மாத்திரையால்தான் வந்தது என்று தூக்கி எறிந்துவிட்டு ஊசிக்கே திரும்புகிறார்கள். அப்படிச் செய்யாதே. அந்த மாதங்களுக்கென்றே சின்ன அளவில் கால்சிசின் சேர்த்துத் தருவார்கள். தொடங்கிய மாத்திரையை வலி வந்தாலும் விடக் கூடாது, வலி இல்லாத மாதங்களிலும் விடக் கூடாது. விடவேண்டிய ஒரே சமயம், தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால். அப்போது அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. அபூர்வமாக வரும், ஆனால் கொடியது.

உன் அப்பா பிரஷருக்குச் சாப்பிடுகிற நீர் மாத்திரையில் சிலதும், இதயத்துக்குக் கொடுக்கிற ஆஸ்பிரினும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். அவரை நிறுத்தச் சொல்லாதே, டாக்டரிடம் கேட்கச் சொல். அம்மாவுக்கும் முழங்கால் வலி என்கிறாள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வரும், அவளையும் கூட்டிப்போ.

பாடு முறை பற்றிக் கடைசியாக. வீங்கின காலோடு இந்த முறை சுத்து வலைக்கு இறங்காதே. பாட்டில் பங்குள்ள தலைக்கட்டு ஆட்களிடம் நடந்ததைச் சொல். ஊரில் பெரியவர்கள் பாதிப் பேருக்கு மூட்டு வலியின் கொடுமை தெரியும். வருமானம் போகிறது என்று நீ தவிப்பது எனக்குப் புரிகிறது. ஒரு ராத்திரி பாட்டை விட்டால் கஷ்டம்தான், ஆனால் வருஷக்கணக்கில் மூட்டை இழந்தால் அந்த முறையே உனக்கு இல்லாமல் போகும்.

வலி நின்றதும் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதிந்துகொள். அங்கே ஆகாததற்குப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி, அதற்கும் மேல் சென்னையில் ஸ்டான்லி. பொன்னேரிக்கு வருகிற அன்றைக்குப் போன வருஷத்துச் சீட்டு, மிச்சமிருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. மாமா கூட வருகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவில் என்ன எண் வந்தது என்பதை நீ சொல்லித்தான் நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா