குடிக்காதவருக்கும் வரும் ஈரல் புற்றுநோய்

ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் உறவும் ஊரும் முதலில் கேட்பது, "குடிப்பாரோ?" என்பதுதான். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்று மனைவி சத்தியம் செய்தாலும் நம்புவதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் குடித்திருப்பார் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இதனால் நோயாளியின் பெயர் கெடுவது ஒருபுறம். குடிப்பழக்கம் இல்லாதவர்களெல்லாம் தமக்கு இந்த நோய் வராது என்று நம்பி, ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் இருந்துவிடுவது அதைவிடப் பெரிய கேடு.

மது புற்றுநோயை உண்டாக்கும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்துவிட்டது. ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ், சி வைரஸ், பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவையும் அதே முதல் வகையில்தான் இருக்கின்றன. பட்டியலில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறைப்பது என்ன நியாயம்?

தைவானில் அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லியும் குழுவினரும் 22,707 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1981-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்கள். வைரஸ் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு ஆபத்து 223 மடங்கு!

அதோடு நிற்கவில்லை. 1984-ல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், 1990-94 காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. "குடிச்சாத்தான் வரும்" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆறு வயதுக் குழந்தை எந்தக் கடையில் குடித்தது?

இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தோ, சிறு வயதிலோ தொற்றுகிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் வலி, காமாலை எதுவும் காட்டாமல் இருக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. "மாஸ்டர் செக்-அப் பண்ணியாச்சு, லிவர் நார்மல்" என்று நிம்மதி அடைவதிலும் பொருளில்லை. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை வைரஸைத் தேடுவதே இல்லை. எச்.பி.எஸ்.ஏஜி என்ற பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களின் கொழுப்புக் கல்லீரலும் புற்றில் முடியலாம். அதற்கும் மது வேண்டியதில்லை.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யை விரட்டிவிடும் என்பது ஒன்று. சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழு நடத்தி, 1988-ல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில் மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது உண்மை. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றும் என்பதும் பொய். ரத்தம், உடலுறவு, பிரசவம், பகிர்ந்துகொள்ளும் சவரக்கத்தி ஆகியவையே வழிகள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நஞ்சு முழுதாகப் போகாது, குப்பையில் கொட்டுங்கள்.

வலது தோளில் வலித்தால் ஈரலில் கட்டி என்று ஒரு புதுப் பீதி. வீங்கிய ஈரல் உதரவிதானத்தை உறுத்தும்போது தோளில் வலி தெரிவதுண்டு. ஆனால் கையைத் தூக்கினால் கூடும் வலி பெரும்பாலும் தோள்மூட்டின் வலிதான். அதற்காகத் தோளை ஸ்கேன் எடுக்க ஓடுவதும் வீண். தோள்வலியே இல்லாத 51 ஆண்களின் தோளை அல்ட்ராசவுண்டில் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில் 96 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. மருத்துவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஸ்கேனுக்கே மதிப்பு.

வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் மற்ற அனைவரும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தொற்று உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஹெபடைடிஸைக் கட்டுப்படுத்த 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசி. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதற்கும் வந்ததே 2011-ல்தான். இவ்வளவு தாமதமாகக் கிடைத்த ஊசியை, "பச்சைக் குழந்தைக்கு எதுக்கு ஊசி, அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவதை மன்னிக்கவே முடியாது. கர்ப்பிணி தன் ரத்தப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏஜி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் உடனே வேண்டும். குழந்தை பிறந்த அன்றே அப்பாவோ பாட்டியோ தடுப்பூசி அட்டையை எடுத்து, ஹெபடைடிஸ் பி முதல் ஊசிக்கு நேராகத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செவிலியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.